நுஷ்கிப் பாதை: போர் வந்தால் மட்டும் நினைவுக்கு வரும் ரயில்

கேள்வி இது: "குவெட்டாவிலிருந்து பலூசிஸ்தான் பாலைவனத்தைக் கடந்து ஈரானின் ஜாஹிதான் வரை ஒரு ரயில்பாதை போகிறது. பயணிகள் ரயில் மாதத்துக்கு இரண்டு தடவைதான் ஓடியதாம். ஆள் அரவமே இல்லாத இடத்தில் இவ்வளவு நீளத்துக்குத் தண்டவாளம் போட்டது யார்? போருக்காகப் போட்டது என்கிறார்கள். போரில் அது உண்மையிலேயே உதவியதா?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். போருக்காகப் போட்டதுதான். ஆனால் எந்தப் போருக்காக வேலையைத் தொடங்கினார்களோ அது முடிந்து நான்கு வருடம் கழித்துத்தான் பாதை ஊர் போய்ச் சேர்ந்தது. அப்புறம் ஒன்பது வருடத்தில் மேற்குக் கோடியை மூடி, போட்ட தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த உலகப் போர் வந்ததும் அதே மணலில் மறுபடியும் போட்டார்கள். உதவியதா என்றால், உதவியது. திட்டம் போட்டவர்கள் எதிர்பார்த்த விதத்தில் உதவியது குறைவு, யாரும் எதிர்பார்க்காத விதத்தில் உதவியது அதிகம். இனி விரிவாகப் பார்ப்போம்.

இடத்தை மனதில் வாங்கிக்கொண்டால்தான் கதை புரியும். சிந்து சமவெளியிலிருந்து போலன் கணவாய் வழியாக ரயில் குவெட்டாவுக்கு மேலே ஏறுகிறது. குவெட்டாவுக்குச் சற்றுத் தெற்கே ஸ்பெசந்த் என்ற சந்திப்பு. அங்கிருந்து மேற்கே பிரிவதுதான் நம் பாதை. நுஷ்கி வரை மலைச்சரிவுகளும் குகைப்பாதைகளும் உண்டு. நுஷ்கியில் மலையை விட்டு இறங்கிவிட்டால் அப்புறம் வெட்டவெளி. வடக்கே சாகாய் மலைகள், அதற்கு அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தான். தெற்கே ராஸ் கோ மலைத்தொடர். நடுவில் கூழாங்கல்லும் உப்புப் படுகையும் மணலும். தல்பந்தின், யக்மச், நோக் குண்டி என்று பெயருக்குச் சில நிலையங்கள். எல்லையில் கோ-இ-தஃப்தான், ஈரானுக்குள் சுமார் 4,000 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தஃப்தான் எரிமலையின் பெயர் அது. எல்லை தாண்டினால் மிர்ஜாவே, பிறகு ஜாஹிதான். குவெட்டாவிலிருந்து கணக்கிட்டால் மொத்தம் சுமார் 730 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற தூரம். நடுவில் விழுப்புரமும் திருச்சியும் மதுரையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோக் குண்டியில் வருடம் முழுவதும் பெய்கிற மழை 50 மில்லிமீட்டர்கூட இல்லை. நம் ஊரில் ஐப்பசி மாதத்தில் ஒரே நாளில் கொட்டுவது அதைவிட அதிகம். கோடையில் வெயில் 50 டிகிரியை நெருங்கும். அதோடு 'நூற்றிருபது நாள் காற்று' என்று ஒன்று இருக்கிறது. ஈரான்-ஆப்கன் எல்லையில் இருக்கும் சீஸ்தான் பக்கத்திலிருந்து கோடை தொடங்கும்போது கிளம்பி, நாலு மாதம் ஓயாமல் வடமேற்கிலிருந்து வீசும். அந்தக் காற்றுதான் இந்தப் பாதையின் நிரந்தர எதிரி.

பாலைவன மணல் சும்மா குவிந்து கிடப்பதில்லை, நடக்கும். காற்று ஒரே திசையில் வீசுகிற இடத்தில் மணல் பிறை வடிவக் குன்றுகளாகச் சேரும். காற்று அடிக்கும் பக்கம் சாய்வாக இருக்கும். மணல் துகள்கள் அதில் உருண்டு ஏறி, உச்சியைத் தாண்டி மறுபக்கம் செங்குத்தாகச் சரியும். இப்படியே துகள் துகளாகக் குன்று முழுவதும் வருடத்துக்குச் சில மீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கும். வழியில் தண்டவாளம் இருந்தால் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரு பெரிய குன்று பாதையைக் கடந்து போக வருடக்கணக்காகும். அதுவரை ஆட்கள் மண்வெட்டியோடு அள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நேற்று அள்ளிய இடத்தை இன்று காற்று நிரப்பிவிடும். ஜல்லிக்குள் மணல் புகுந்தால் பாதை இறுகிப்போகும். சக்கரத்தின் அச்சுப் பெட்டிக்குள் புகுந்தால் தேய்ந்து சூடேறும். இந்தப் பாதையில் ரயில் மெதுவாகத்தான் போக முடியும் என்பதற்கும், கால அட்டவணை என்பது ஒரு ஆசை மட்டுமே என்பதற்கும் இதுதான் காரணம்.

மணலைவிடப் பெரிய தலைவலி தண்ணீர். நீராவி எஞ்சின் காலத்து ரயிலுக்கு நிலக்கரியைவிட அடிக்கடி தேவைப்படுவது தண்ணீர்தான். இங்கே கிணறு தோண்டினால் கிடைப்பது பெரும்பாலும் உப்புநீர். அதைக் கொதிகலனில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்புபோலப் படிந்து குழாய்களை அடைக்கும், நுரைத்துப் பொங்கும். அதனால் நல்ல தண்ணீர் இருக்கிற இடத்திலிருந்து தொட்டி வண்டிகளில் நிரப்பி, ரயிலோடு இழுத்துக்கொண்டு போனார்கள். எஞ்சினுக்கும் அந்தத் தண்ணீர், நிலையத்தில் வேலை பார்க்கும் நாலு குடும்பங்கள் குடிப்பதற்கும் அதே தண்ணீர். ரயில் தாமதமானால் அடுப்பில் உலை வைக்க முடியாது. பாதை லாபமா நஷ்டமா என்று பேசுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்: ரயிலின் கொள்ளளவில் ஒரு பகுதி, ரயிலையே உயிரோடு வைத்திருப்பதற்குப் போய்விடுகிறது.

சரி, இப்படிப்பட்ட இடத்துக்கு ஏன் போனார்கள்? ரஷ்ய பயம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த எல்லாவற்றுக்கும் கடைசிக் காரணம் அதுதான். மத்திய ஆசியாவில் ரஷ்யர்கள் ஒவ்வோர் ஊராகப் பிடித்துக்கொண்டு தெற்கே வர, இங்கிருந்தவர்கள் ரயிலை மேற்கே தள்ளிக்கொண்டு போனார்கள். பலூசிஸ்தான் ரயில்பாதைகளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு ஜாதகம் உண்டு: அவசரமாகத் தொடங்குவது, அரசியல் மாறியதும் பாதியில் விடுவது, மறுபடி அடித்துப்பிடித்துத் தொடர்வது. 1879-80-ல் இரண்டாம் ஆப்கானியப் போரின்போது ருக் என்ற இடத்திலிருந்து சிபி வரை 133 மைல் தூரத்தை 101 நாட்களில் போட்டு முடித்தார்கள். லண்டனில் ஆட்சி மாறியதும் மேற்கொண்டு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து மீண்டும் தொடங்கியபோது, ரயில் போடுகிறோம் என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக அந்த வேலைக்கு 'ஹர்நாய் சாலை மேம்பாட்டுத் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். எனக்குப் பிடித்த அரசாங்கப் பொய்களில் இது ஒன்று. 1890-களின் தொடக்கத்தில் கோஜக் மலையைக் குடைந்து ஆப்கன் எல்லையில் இருக்கும் சமன் வரை பாதை போனதும் ஆப்கன் அமீர் அப்துர் ரஹ்மான், இது என் குடலில் பாய்ச்சிய கத்தி என்ற பொருளில் பேசியது பிரசித்தம்.

காந்தஹார் பக்கம் இப்படி முட்டிக்கொண்டு நின்றதும், பார்வை பாரசீகத்தின், அதாவது இன்றைய ஈரானின் மேல் போனது. சீஸ்தான் என்பது ஹெல்மந்த் ஆறு வந்து விழும் படுகை. பாலைவனத்துக்கு நடுவில் விளைச்சல் பூமி. ரஷ்யப் படை இந்தியாவுக்கு வந்தால் அங்கே தங்கிச் சோறு சாப்பிட்டுத்தான் வரும் என்பது அன்றைய ராணுவக் கணக்கு. 1896-ல் நுஷ்கியிலிருந்து சீஸ்தானுக்கு ஒரு வணிகப் பாதையைத் திறந்தார்கள். வழியெங்கும் காவல் சாவடிகள், கிணறுகள், ஒட்டகக் கூட்டம் தங்குவதற்குச் சத்திரங்கள். 1899-ல் நுஷ்கிப் பகுதியையே அதன் ஆட்சியாளரான கலாத் கானிடமிருந்து வருடத்துக்கு 9,000 ரூபாய் வாடகைக்கு நிரந்தரக் குத்தகையாக எடுத்துக்கொண்டார்கள். ரஷ்யத் துணிக்கும் சர்க்கரைக்கும் போட்டியாக இந்தியச் சரக்கைக் கொண்டுபோக ரயில் வேண்டும் என்ற பேச்சு வைஸ்ராய் கர்சன் காலத்தில் வலுத்தது. 1905 நவம்பரில் நுஷ்கிக்கு ரயில் வந்தது.

வந்த ரயில் அங்கேயே நின்றுவிட்டது. 1907-ல் பிரிட்டனும் ரஷ்யாவும் உட்கார்ந்து பேசி, பாரசீகத்தை வரைபடத்தில் மூன்றாகக் கிழித்துக்கொண்டன. வடக்கு ரஷ்யாவின் செல்வாக்குப் பகுதி, தென்கிழக்கு பிரிட்டனுடையது, நடுவில் பொது. பாரசீகத்திடம் யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சீஸ்தான் பிரிட்டன் பங்கில் வந்ததும் பயம் போய்விட்டது; பயம் போனதும் ரயிலுக்கான பணமும் போய்விட்டது. பதினோரு வருடம் நுஷ்கிதான் கடைசி நிலையம்.

முதல் உலகப் போர் வந்தது. ரஷ்யா இப்போது கூட்டாளி. பயம் வேறு திசையிலிருந்து வந்தது. ஜெர்மனி, நீடர்மயர், ஹென்டிக் என்ற இருவர் தலைமையில் ஒரு தூதுக்குழுவைப் பாரசீகத்தின் பாலைவனங்கள் வழியாக ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பியது. அமீரைத் தூண்டிவிட்டு இந்தியாவின் மேல் படையெடுக்க வைப்பது திட்டம். அவர்கள் 1915-ல் எப்படியோ காபூலுக்குப் போயும் சேர்ந்துவிட்டார்கள். அமீர் ஹபிபுல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார் என்பது தனிக் கதை. ஆனால் இன்னொரு குழு போய்விடக் கூடாதே! பாரசீகத்தின் கிழக்கு ஓரத்தில் வடக்கிலிருந்து ரஷ்யப் படையும், தெற்கிலிருந்து இந்தியப் படையும் ஒரு வேலிபோல வரிசையாகக் காவல் நின்றன. இதற்குக் 'கிழக்குப் பாரசீகக் காவல்வரிசை' என்று பெயர்.

இந்தியப் பக்கத்துப் படைக்கு 1916-ல் தளபதியாக வந்தவர் பெயரை எல்லாருக்கும் தெரியும்: ரெஜினால்ட் டயர். மூன்று வருடம் கழித்து ஜாலியன்வாலா பாகில் சுடச் சொன்ன அதே டயர்தான். நுஷ்கி வரை ரயிலில் வந்து, அப்புறம் மோட்டார் காரில் பாலைவனத்தைக் கடந்து போனார். சர்ஹத் என்ற மலைப்பகுதியில் ஒட்டகக் கூட்டங்களைக் கொள்ளையடித்த பலூச் இனக்குழுக்களை, பெரும்படை வருகிறது என்று வதந்தி பரப்பியே பணிய வைத்ததாக அவரே பின்னால் பெருமையாக எழுதினார். கையில் இருந்தது சொற்ப ஆட்கள்தான். அந்த மனிதரின் குணத்தைப் புரிந்துகொள்ள சர்ஹத் கதையை ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஆள்பலம் இல்லாமல் மிரட்டியே காரியம் சாதிக்கலாம் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கே உறுதிப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

டயரைவிட முக்கியமான பாத்திரம் ஒட்டகம். காவல்வரிசையில் நிற்கும் சிப்பாய்க்கு மாவு, பருப்பு, தோட்டா, குதிரைக்குத் தீவனம் எல்லாம் நுஷ்கியில் ரயிலை விட்டு இறங்கி ஒட்டகத்தில் ஏறியாக வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒட்டகம் ஒன்று சுமக்கிற பாரம் 150 முதல் 200 கிலோ. ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் நடக்கும். நுஷ்கியிலிருந்து ஜாஹிதான் பக்கம் போக ஏறத்தாழ 600 கிலோமீட்டர். போக மட்டும் மூன்று வாரத்துக்கு மேல். 300 டன் ஏற்றிய ஒரு சாதாரண சரக்கு ரயிலுக்குச் சமமாக 1,500-க்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் வேண்டும். அந்த ஒட்டகங்களுக்கும் தீவனம் வேண்டும், ஓட்டுகிறவர்களுக்கும் சோறு வேண்டும், எல்லாருக்கும் தண்ணீர் வேண்டும். தூரம் கூடக்கூட, சுமையில் பெரும்பங்கு சுமப்பவர்களுக்கே செலவாகும். ஒரு கட்டத்துக்கு மேல் போய்ச்சேருவது ஒன்றும் இருக்காது. ராணுவக்காரர்கள் ரயில் ரயில் என்று அடித்துக்கொண்டதற்கு இந்த எளிய கணக்குதான் காரணம்.

1916 செப்டம்பரில் நுஷ்கிக்கு மேற்கே வேலை தொடங்கியது. அடுத்த வருடம் தல்பந்தின் வந்தது. வேலை அதோடு நின்றிருக்கவும் கூடும். ஆனால் 1917-ல் ரஷ்யாவில் புரட்சி; வடக்கே வேலியாக நின்ற ரஷ்யப் படை கலைந்து வீட்டுக்குப் போய்விட்டது. வேலியின் அந்தப் பாதியையும் இந்தியப் படையே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1918-ல் ஜெனரல் மேலசன் தலைமையில் ஒரு குழு வடகிழக்குப் பாரசீகத்தின் மஷ்ஹத் நகரத்தில் உட்கார்ந்தது. அங்கிருந்து பஞ்சாபிச் சிப்பாய்கள் எல்லை தாண்டி, இன்றைய துர்க்மெனிஸ்தானுக்குள் போய், அங்கிருந்த ரயில்பாதையின் ஓரமாகவே போல்ஷெவிக்குகளோடு சண்டை போட்டார்கள். இந்தியப் படைக்கும் செஞ்சேனைக்கும் நேரடிச் சண்டை நடந்தது என்பதே பலருக்குத் தெரியாது. அந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் இருந்த ஒரே உயிர்க்குழாய்: மஷ்ஹத்திலிருந்து பிர்ஜந்த் வழியாகத் தெற்கே 900 கிலோமீட்டருக்கு மேல் மண்சாலை, அதன் முடிவில் மணலில் ஊர்ந்து வந்துகொண்டிருந்த நுஷ்கி ரயில். தண்டவாளம் ஒவ்வொரு மைலாக மேற்கே நீள நீள, ஒட்டகமும் லாரியும் சுமக்க வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைந்தது. முதல் போரில் இந்தப் பாதை செய்த உருப்படியான வேலை இதுதான். ஊர் போய்ச் சேராமலே, கட்டிக்கொண்டிருக்கும்போதே அது உதவியது.

1919-ல் துர்க்மெனிஸ்தானிலிருந்து சிப்பாய்கள் திரும்பினார்கள். 1920-ல் மஷ்ஹத் குழுவும் கிளம்பியது. கிழக்குப் பாரசீகம் காலி. 1922 அக்டோபரில் துஸ்தாப் என்ற ஊருக்கு ரயில் வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்தபோது, அதில் போவதற்குப் படையும் இல்லை, போரும் இல்லை. மாப்பிள்ளை வந்து தாலியும் கட்டிப் பந்தலையும் பிரித்த பிறகு நாதஸ்வரக்காரர் வந்து சேர்ந்த கதை.

துஸ்தாப் என்பதுதான் இன்றைய ஜாஹிதான். பழைய பெயருக்கு, தண்ணீரைத் திருடுவது என்று பொருள் சொல்வார்கள். ஊற்றும் மழையை மணல் உடனே உறிஞ்சிவிடுவதால் அப்படி வந்ததாம். ரயில் வருவதற்கு முன் அது ஓர் ஊர் என்று சொல்லும் அளவுக்கே இல்லை. ரயிலும் அதோடு வந்த வியாபாரிகளும்தான் அதை ஊராக்கினார்கள். வந்தவர்களில் பஞ்சாபிச் சீக்கியர்கள் கணிசம். வண்டி ஓட்டுவது, உதிரிபாகம் விற்பது என்று அங்கேயே தங்கிவிட்டார்கள், குருத்வாராவும் கட்டினார்கள். ஈரான் மன்னர் ரேஸா ஷா ஊருக்கு வந்தபோது தாடியும் தலைப்பாகையுமாக நின்ற சீக்கியர்களைப் பார்த்து, இவர்கள் துறவிகள்போல இருக்கிறார்களே என்று வியந்து, துறவிகள் என்று பொருள்படும் ஜாஹிதான் என்ற பெயரை வைத்தார் என்பது அந்த ஊர்க் கதை. கதை உண்மையோ இல்லையோ, சீக்கியர்கள் இருந்தது உண்மை.

பாதையின் நஷ்டத்தை யார் சுமந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நம் ஊர் சம்பந்தம் வருகிறது. 1924-ல் இந்திய ரயில்வேயின் கணக்கை அரசின் பொதுக் கணக்கிலிருந்து பிரித்தார்கள். அப்போது, ராணுவத் தேவைக்காகப் போட்ட எல்லைப்புறப் பாதைகளின் நஷ்டத்தைப் பொது வருவாய்தான் ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தம். மத்திய அரசின் பொது வருவாய் என்றால் அன்று சுங்கம், வருமான வரி, அப்புறம் உப்பு வரி. 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு அள்ளியபோது, சோற்றில் போடும் உப்புக்கு ஏழை கொடுத்துக்கொண்டிருந்த வரியில் ஒரு துளி, மணல் அள்ளிக்கொண்டிருந்த இந்தப் பாதைக்கும் போய்க்கொண்டிருந்தது. மத்திய சட்டசபையில் இந்திய உறுப்பினர்கள் ராணுவச் செலவைப் பற்றிக் கொதித்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அப்புறம் உலகப் பொருளாதார மந்தம். 1931-ல் ஈரான், வெளிநாட்டு வணிகம் முழுவதையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஏற்கெனவே மெலிந்திருந்த போக்குவரத்து இன்னும் மெலிந்தது. அதே வருடம் நோக் குண்டிக்கு மேற்கே இருந்த பகுதியை மூடினார்கள். தண்டவாளம் என்பது நல்ல எஃகு. பாலைவனத்தில் சும்மா விட்டுவைக்க மனசு வராது. பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் மறுபடியும் அதே மணலில், அதே திசையில் வேலை. 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் நாட்டின் மேல் பாய்ந்தது. எந்த ரஷ்யனைத் தடுக்க முதலில் இந்தப் பாதையை நினைத்தார்களோ, அதே ரஷ்யனுக்கு இப்போது சரக்கு அனுப்ப வழி தேட வேண்டும். ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை தெற்கிலிருந்தும் சோவியத் படை வடக்கிலிருந்தும் ஈரானுக்குள் நுழைந்தன. செப்டம்பரில் ரேஸா ஷா பதவி துறந்தார். 1942-க்குள் நோக் குண்டிக்கும் ஜாஹிதானுக்கும் இடையே மறுபடியும் தண்டவாளம்.

இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் போக முடியவில்லை. அதே 1941-ல் நம் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? போருக்கு எஃகும் தண்டவாளமும் தேவை என்று இந்தியா முழுவதும் கிளைப்பாதைகளைப் பெயர்த்தார்கள். திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி சிறுபாதை போயிற்று. மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் போன சிறுபாதையும் போயிற்று. கேரளத்தில் ஷொரணூர் – நிலம்பூர் பாதையைப் பிடுங்கி, சுதந்திரத்துக்குப் பிறகு 1954-ல்தான் திரும்பப் போட்டார்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இன்றுவரை திரும்பவில்லை. ஆள் இருக்கிற ஊரில் பிடுங்கினார்கள், ஆள் இல்லாத பாலைவனத்தில் போட்டார்கள். போர்க்காலக் கணக்கில் அது சரியாகவே இருந்திருக்கலாம். கிருஷ்ணகிரிக்காரரிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஜாஹிதானில் இறங்கிய சரக்கு லாரியில் ஏறி மஷ்ஹத் வரை போனது. அங்கே சோவியத்காரர்கள் பெற்றுக்கொண்டார்கள். பிரிட்டிஷ் அரசே நடத்திய ஐக்கிய ராஜ்ய வர்த்தகக் கழகம் என்ற அமைப்பு இந்தக் கிழக்குச் சாலையைப் பார்த்துக்கொண்டது. ஓட்டுநர்களில் நிறையப் பேர் இந்தியர்கள். இதை நான் ஊதிப் பெரிதாக்க விரும்பவில்லை. ஈரான் வழியாக ரஷ்யாவுக்குப் போன உதவி மிகப் பெரியது. கூட்டணி நாடுகள் அனுப்பியதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் போனது. ஆனால் அதில் பெரும்பகுதி பாரசீக வளைகுடாத் துறைமுகங்களில் இறங்கி, 1938-ல் முடிந்த ஈரானின் சொந்த ரயில்பாதையிலும் அதை ஒட்டிய சாலைகளிலும் வடக்கே போனது. நம் நுஷ்கிப் பாதை அதற்குப் பக்கத்தில் ஒரு கிளை வாய்க்கால். வளைகுடாத் துறைமுகங்களில் நெரிசல் உச்சத்தில் இருந்தபோது, கப்பலே இல்லாமல் இந்தியச் சரக்கு தரைவழியாகப் போக ஒரு வழி திறந்திருந்தது என்பதுதான் அதன் மதிப்பு. ஜெர்மானியப் படை காகசஸ் மலை வரை வந்த 1942-ல், ஒருவேளை அவர்கள் ஈரானுக்குள் இறங்கிவிட்டால் இந்தியாவிலிருந்து படை அனுப்ப ஒரு கதவு வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. அந்தக் கதவைத் திறக்க வேண்டிய நிலை வரவில்லை.

அந்தக் கதவு வழியாக எதிர்த்திசையில் வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் பாதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவு வருவது அவர்கள்தான்.

1939-ல் ஸ்டாலின் போலந்தின் கிழக்குப் பாதியை எடுத்துக்கொண்டதும், அங்கிருந்த லட்சக்கணக்கானவர்களைச் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் நாடு கடத்தினார். 1941-ல் ஹிட்லர் பாய்ந்த பிறகு, லண்டனில் இருந்த போலந்து அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அவர்களை விடுவித்தார்கள். விடுவித்தார்கள் என்றால் முகாம் கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான். பசியிலும் காய்ச்சலிலும் பெற்றோர் செத்துப்போக, குழந்தைகள் இன்றைய துர்க்மெனிஸ்தானின் அஷ்காபாத்தில் அநாதை இல்லத்தில் சேர்ந்தார்கள். பம்பாயிலிருந்த போலந்துக்காரர்கள் நிவாரணப் பொருள் ஏற்றிய லாரிகளைக் குவெட்டா, ஜாஹிதான், மஷ்ஹத் வழியாக அஷ்காபாத்துக்கு அனுப்பினார்கள். திரும்பும்போது லாரிகளில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டார்கள். 1942-ன் தொடக்கத்தில் அவர்கள் பனி மூடிய மலைச்சாலையில் மஷ்ஹத் வந்து, அங்கிருந்து பாலைவனம் கடந்து ஜாஹிதான் வந்து, குவெட்டா வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தார்கள். போலந்தில் அன்று புகழின் உச்சியில் இருந்த பாடகி ஹாங்கா ஒர்டோனுவ்னாவும் அவர்களோடு வந்தார். அவரும் அதே நாடுகடத்தலில் சிக்கியவர்.

பம்பாயில் இறங்கி, பாந்திராவில் சிறிது காலம் இருந்துவிட்டு, ஜூலையில் குஜராத்தின் பாலாச்சடிக்குப் போனார்கள். நவாநகர் சமஸ்தானத்தின் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி தன் கோடைமாளிகைக்குப் பக்கத்தில் அவர்களுக்காகக் கட்டிய முகாம் அது. நீங்கள் அநாதைகள் இல்லை, நவாநகர்க்காரர்கள், நான் உங்கள் பாபு (அப்பா) என்று அவர் சொன்னதாகப் பிழைத்தவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். வார்சாவில் இன்று அவர் பெயரில் ஒரு சதுக்கமும் பள்ளியும் இருக்கின்றன. பின்னால் வந்த போலந்து அகதிகளில் பெரும்பாலோர் கப்பலில் கராச்சிக்கு வந்தவர்கள். முதலில் வந்த அந்தச் சிறு கூட்டம்தான் தரைவழியே, நுஷ்கிப் பாதையின் திசையிலேயே வந்தது. சீஸ்தானில் ரஷ்யப் படை சோறு தின்றுவிடும் என்று பயந்து யோசித்த வழியில், கடைசியில் ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள் சோறு கிடைக்காத குழந்தைகள்.

1947-க்குப் பிறகு பாதை பாகிஸ்தான் கைக்குப் போனது. இன்னொரு நாட்டுக்குள் சுமார் 90 கிலோமீட்டர் நுழைந்து, அந்த நாட்டின் மற்ற எந்தப் பாதையோடும் சேராமல் ஒற்றையாக நின்ற வால். 60-களிலும் 70-களிலும் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக இந்தியா வந்த ஹிப்பிகளில் ஒரு பகுதியினர் இதில் ஏறினார்கள். மஷ்ஹத் போகும் ஷியா யாத்ரீகர்களும், எல்லையில் சில்லறை வியாபாரம் செய்கிறவர்களும், கடத்தல்காரர்களும் மற்றபடி வாடிக்கையாளர்கள். நீங்கள் கேள்விப்பட்ட மாதம் இருமுறைப் பயணிகள் ரயில் இந்தக் காலத்தின் மிச்சம். குவெட்டாவிலிருந்து கிளம்பினால் எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஒரு பகலும் ஓர் இரவும் போல. மணல் வழியில் உட்கார்ந்துவிட்டால் அதற்கு மேல் கணக்கு இல்லை. 1998 மே மாதம் பாகிஸ்தான் அணுகுண்டு வெடித்துப் பார்த்த ராஸ் கோ மலை இந்தப் பாதையின் தெற்கே தெரிவதுதான். வெடித்துப் பார்க்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அங்கே யாரும் இல்லை என்பதால். ரயிலில் கூட்டம் இல்லாததற்கும் அதுவே காரணம்.

மிச்சமிருப்பது இணைப்பு விவகாரம். 2009-ல் ஈரான் கெர்மானிலிருந்து ஜாஹிதானுக்குத் தன் ரயிலைக் கொண்டுவந்து சேர்த்தது. எண்பத்தேழு வருடம் காத்திருந்த பாதைக்கு முதல்தடவையாக ஒரு துணை. இஸ்லாமாபாத் – தெஹ்ரான் – இஸ்தான்புல் சரக்கு ரயில் என்று அதே வருடம் ஆரவாரமாகக் கொடியசைத்தார்கள், நின்றுபோனது, 2021 டிசம்பரில் மறுபடி கொடியசைத்தார்கள். ஜாதகம் மாறவில்லை.

சிக்கல் ஒன்று தண்டவாள அகலத்தில் இருக்கிறது. நுஷ்கிப் பாதை நம் அகலப்பாதை: 1,676 மில்லிமீட்டர். சென்னை சென்ட்ரலில் நிற்கும் வண்டியின் சக்கர இடைவெளியும் அதுவே. பிரிவினைக்கு முன்னால், கோட்பாட்டளவிலாவது, மதராசில் சரக்கு ஏற்றிய ஒரு வேகன் டெல்லி, லாகூர், குவெட்டா வழியாக எங்கேயும் சரக்கை மாற்றாமல் பாரசீகத்துக்குள் போய் நின்றிருக்க முடியும். ஈரானின் பாதை 1,435 மில்லிமீட்டர். அதனால் ஜாஹிதானில் இந்தப் பக்கத்து வண்டியிலிருந்து இறக்கி, அந்தப் பக்கத்து வண்டியில் ஏற்றினால்தான் சரக்கு மேலே நகரும்.